வேலியும் விரதமும்

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோர், பழந்தமிழர் வகுத்த ஐவகை நிலத்துள் பாலை ஒழிந்த நான்கும் ஒருங்கே அமைந்த நாடு அது என்று பெருமையுடன் கூறுவது வழக்கம். வடக்கே மழைக்காடு போர்த்த மலை, நடுவே நெல்வயலும் குளங்களும், தெற்கிலும் மேற்கிலும் கடல். இந்தப் பெருமிதக் கணக்கில் ஒரு நிலம் விடுபட்டுப் போகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய கிழக்குப் பகுதியில், மழை குறைந்து காற்று மிகுந்த இடங்களில், முட்புதர்க் காடு உண்டு. குடையை விரித்தாற்போல் தலை பரந்த உடைமரம், சதுரக்கள்ளி, சூரை, இலந்தை, காரை, விராலி முதலியன அங்கே வளரும். கௌதாரி, காடை, முயல், கீரி, உடும்பு, மயில் ஆகியவற்றிற்கு அது வீடு. மூலிகைகளுக்குப் பெயர்பெற்ற மருந்துவாழ்மலையின் சரிவுகளிலும் இத்தகைய புதர்களைக் காணலாம்.

நிலவரி ஏடுகள் இவ்வகை நிலத்தைத் ‘தரிசு’ என்றும் ‘புறம்போக்கு’ என்றும் எழுதிவந்துள்ளன. பயிர் விளையாத நிலம் பயனற்ற நிலம் என்பது அச்சொற்களின் உட்கிடை. யாருக்குப் பயனற்றது என்று கேட்பாரில்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும், சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராகவும் வைத்து எண்ணிய தொல்காப்பிய மரபியலைப் பயின்ற மொழியில் இச்சொற்கள் நிலைபெற்றது வியப்பே. மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும்கூட உடம்பாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று கொள்ளும் நம் அருகன் நெறியினருக்கோ, ‘ஒன்றுமில்லாத நிலம்’ என்று சொல்லத்தக்க இடம் இவ்வுலகில் ஓரடியும் இருக்க வழியில்லை.

இன்று இந்நிலை சற்றே மாறிவருகிறது. 2008ஆம் ஆண்டு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர். மாவட்டப் பரப்பில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. முட்காடு முதல் மழைக்காடு வரை அதனுள் அடங்கும். அண்டையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்தில், வல்லநாட்டுக் குன்றும் அதன் புதர்க்காடும் வெளிமான்களுக்காக 1987இலேயே சரணாலயமாயின. பரப்பு வெறும் 16 சதுர கிலோமீட்டர். பெருங்காடுகளின் புகழ் இதற்கு இல்லை. யானையும் புலியும் பார்க்கச் செல்வோர் இதை எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆயினும் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களுள் தென்கோடியில் உள்ளது இங்கேதான்.

இத்தகைய சிறு காப்பிடங்களைப் பற்றி அறநெறி நோக்கில் ஒரு வினா எழுகிறது. ஒரு நிலத்தை ஒன்றும் செய்யாமல் விட்டுவைப்பது அறச்செயல் ஆகுமா? அறம் என்றால் செய்தல் என்றே நாம் பழகியிருக்கிறோம். பசித்தவனுக்குச் சோறிடுகிறோம், நோயுற்றவனுக்கு மருந்து தருகிறோம், தசலட்சண நாட்களில் கூண்டுக் குருவிகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவோரும் நம்மிடையே உண்டு. இவற்றில் கொடுப்பவர் தெரிகிறார், பெறும் உயிரும் கண்முன் நிற்கிறது. விட்டுவைக்கப்பட்ட புதரில் இரண்டும் இல்லை. அங்கே எந்தக் கௌதாரி எந்த முட்டையை இட்டது என்று யாரும் அறியார். நன்றி சொல்ல ஆளில்லை. பலகையில் பெயர் பொறிக்கவும் இடமில்லை.

குருவியை விடுவிப்பது நல்லதே. ஆனால் விடுவிக்கப்பட்ட குருவி எங்கே போய் அமரும்? தினைக்குருவிக்குப் புல்விதையும் முட்புதரும் வேண்டும். அவை இல்லாத ஊரில் கூண்டுக் கதவைத் திறப்பவர் கொடையின் பாதியை மட்டுமே கொடுக்கிறார்.

தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. சுமார் 90 ஏக்கர் நிலத்தையும் ஒரு தனிக்குன்றையும் சுற்றி எழுந்த மதில் அது. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்மர், அவர்களுள் ஒருவராகப் பிடிபட்டுப் பின் தம் படைத்தலைவரான டிலனாயைக் கொண்டு இக்கோட்டையைப் புதுக்கினார். பீரங்கி வார்க்கும் உலையும் இங்கே இருந்தது. 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை உள்ளேயே உள்ளது. அதன் கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் வனத்துறை இந்தக் கோட்டையைப் பல்லுயிர்ப் பூங்காவாக்கியது. நூற்றுக்கு மேற்பட்ட வகை மரங்கள் அங்கே உள்ளன. மானும் வாத்தும் கூண்டுப் பறவைகளும் மூலிகைத் தோட்டமும் காட்சிக்கு அமைக்கப்பட்டன. பீரங்கி செய்த இடத்தில் மரம் நிற்பது நம்மவர் மனத்துக்கு உவப்பானது. கொலைக்கருவியைப் பிறருக்கு வழங்குவதை வீண்தீங்குகளுள் ஒன்றாக எண்ணி விலக்கிய சமயமல்லவா நம்முடையது!

ஆனால் அந்தப் பூங்காவுக்குள் இருவகைக் காப்பு நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டிக்குள் இருக்கும் மானைச் சுற்றி ஒரு வேலி. கோட்டை மதிலுக்குள் தாமாக முளைத்துத் தாமாக வாழும் அணிலுக்கும் ஓணானுக்கும் மரங்கொத்திக்கும் அத்தகைய வேலி இல்லை. பழைய மதில் ஒன்றுதான். முதலாவது விலங்கை அடைக்கும் வேலி. மற்றது மனிதனைத் தடுக்கும் மதில். குழந்தைகள் முதலாவதையே விரும்பிப் பார்க்கிறார்கள், பெற்றோரும் அப்படியே. நான்கு தானங்களை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம்: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். பட்டி மானுக்கு ஆகாரம் கிடைக்கிறது. நோய் வந்தால் ஔடதமும் கிடைக்கிறது. கூச்சலிடும் கூட்டம் நாள்தோறும் கம்பிக்கு அப்பால் நிற்க, அதற்கு அபயம் கிடைக்கிறதா? அபயம் என்பது அஞ்சாமை. புதரின் அடியில் படுத்திருக்கும் முயலுக்கு நாம் உணவு கொடுப்பதில்லை, மருந்தும் கொடுப்பதில்லை. நாம் அங்கே போகாதிருந்தால் நம்மைப் பற்றிய அச்சம் அதற்கு இல்லை. அந்த ஒரு தானத்தையே அதற்கு நம்மால் முழுமையாகக் கொடுக்க முடியும்.

போகாதிருத்தல் என்பது நம் ஆசாரநூல்களில் புதிய சொல்லன்று. சமந்தபத்திரர் அருளிய ரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு வகுத்த குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். பத்துத் திசைகளிலும் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, இதற்கு அப்பால் செல்லேன் என்று ஆயுள் முடிய உறுதி பூணுவது அது. கடல், ஆறு, காடு, மலை முதலியவற்றை எல்லைக் குறிகளாகக் கொள்ளலாம் என்றும் நூல் வழிகாட்டுகிறது. இந்த விரதத்துக்கு ஆசாரியர் கூறும் பயன் சிந்திக்கத்தக்கது. எல்லைக்குள் இல்லறத்தான் அணுவிரதியே. அவனுடைய அகிம்சை அரைகுறையானதே. எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தைப் பொறுத்தவரை, அவன் அங்கே நுண்ணிய தீங்கும் செய்வதில்லை ஆதலால், அவனுடைய அணுவிரதம் மகாவிரதத்தின் தன்மையை எய்துகிறது.

இந்தக் கருத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அடுப்பெரிக்காமலும் ஏர் உழாமலும் இல்லறம் நடவாது. மயிற்பீலிப் பிஞ்சி ஏந்திய முனிவரைப்போல் அடியடியாகப் பார்த்து நடக்க வணிகனுக்கு இயலாது, அலுவலகப் பணியாளருக்கும் இயலாது. ஆயினும் இவர்கள் முனிவராகக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது இவர்கள் கால்வைக்காத இடம். புதர்க்காட்டைச் சுற்றி ஒரு சமுதாயம் வேலி போட்டு, இதற்குள் வெட்டோம், உழோம், தோண்டோம் என்று ஒப்புக்கொள்ளும்போது, அந்தச் சமுதாயம் தன்னையறியாமலே திக்விரதம் எடுத்துக்கொள்கிறது. வேலி அங்கிருக்கும் உடும்புக்காக நடப்பட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். உடும்புக்கு வேலி எதற்கு? நமக்குத்தான் எல்லை வேண்டியிருக்கிறது.

திக்விரதத்துக்கு நேரும் குற்றங்களையும் நூல்கள் எண்ணியிருக்கின்றன. மேல்நோக்கி எல்லை கடத்தல், கீழ்நோக்கிக் கடத்தல், குறுக்கே கடத்தல், எல்லையைப் பெருக்கிக்கொள்ளுதல், வகுத்த எல்லையை மறந்துவிடுதல். ‘கீழ்நோக்கி’ என்பதைப் படிக்கும்போது முற்காலத்தார் கிணற்றையும் சுரங்கத்தையும் நினைத்திருப்பர். இன்று நாம் கல்குவாரியை நினைக்காமல் இருக்க முடியாது. குமரி மாவட்டத்துக் குன்றுகள் உடைபட்டுக் கல்லும் ஜல்லியுமாக லாரிகளில் எல்லை தாண்டிச் செல்வதை அந்தச் சாலைகளில் பயணம் செய்தவர் யாவரும் கண்டிருப்பர். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் நடந்ததும் நினைவிருக்கும். நம் முன்னோரின் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ள அந்தக் குன்றுகளில் தேவாங்கும் அழுங்கும் அரிய பருந்தினங்களும் வாழ்கின்றன. 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. ஊர்மக்கள் திரண்டு எழுந்தனர். சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. வகுத்த எல்லையை இரண்டே ஆண்டில் மறப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. எல்லையைப் பெருக்குதல் என்ற குற்றத்துக்கு, ஒரு திசையில் குறைத்து மறுதிசையில் கூட்டிக்கொள்வது என்று உரைகாரர் பொருள் சொல்வதுண்டு. இங்கே அழியும் காட்டுக்கு ஈடாக வேறோரிடத்தில் மரம் நட்டுவிடலாம் என்னும் இக்காலத்து ஏற்பாடு அதன் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்கது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம், எழுப்புவதும் முறையே. விரதம் என்பது அதை ஏற்பவனுடைய ஆன்மாவின் நலத்துக்காக. கருமவரவைத் தடுப்பது அதன் குறிக்கோள். மானும் முயலும் பிழைப்பது அதன் பக்கவிளைவு. அப்படியானால் வனத்துறையின் பூங்காவை விரதம் என்று அழைப்பது உவமை அளவில்தானே நிற்கும்? ஓரளவு உண்மை. ஆனால் நம் நெறியில் தன் நலமும் பிற உயிரின் நலமும் இவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. கொல்லாமையால் முதலில் காக்கப்படுவது கொல்லாதவனே என்று நம் ஆசாரியர்கள் ஓயாமல் கூறுவது எதற்காக? பிற உயிரின் மேல் வைத்த இரக்கம் ஒருநாள் இருக்கும், மறுநாள் சலிக்கும். அழகிய மானிடம் பிறக்கும் இரக்கம் அழுங்கினிடமோ பாம்பினிடமோ பிறப்பதில்லை. எல்லை வகுத்துக்கொண்டவனுக்கு எந்த உயிர் அழகியது என்ற ஆராய்ச்சியே தேவைப்படாது.

அழகில்லாததையும், இனிமையில்லாததையும் சேர்த்துக் காப்பதே புதர்க்காட்டைக் காப்பது. அங்கே கீரி பாம்பைக் கொல்லும். பருந்து ஓணானைத் தூக்கும். டில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர் லால் மந்திரைச் சேர்ந்த பறவை மருத்துவமனை இருப்பதைப் பலரும் அறிவர். ஊனுண்ணும் பறவைகளுக்கு மருந்திட்டு அனுப்புவதேயன்றி அவற்றை உள்ளே தங்கவைப்பதில்லை என்பது அங்கே வழக்கம். மருத்துவமனைக்கு அது தகும். புறாவும் பருந்தும் ஒரே கூடத்தில் தங்க முடியாது. காட்டிலோ அந்தப் பிரிவினையை நாம் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. சமவசரணத்தில் சிங்கமும் மானும் பகை மறந்து ஒருங்கே அமர்ந்தன என்பது இறைவன் திருமுன் நிகழ்ந்த அற்புதம். கம்பியும் பூட்டும் கொண்டு நாம் அமைக்கும் அமைதிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சித்தன்மை எய்தும் தகுதி உள்ளே உறங்குவது பருந்துக்கும் உண்டு என்பதை நாம் மறப்பதால்தான் இந்தக் குழப்பம். மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தார் என்றும், மானைக் கொன்று உண்ணும் வேளையில் சாரணமுனிவர் இருவர் வானிலிருந்து இறங்கி அதற்கு அறமுரைத்தனர் என்றும் குணபத்திரரின் உத்தரபுராணம் கூறுகிறது. நம் ஸ்ரீபுராணம் வாசித்த இல்லங்களில் இக்கதையை அறியாதார் இரார். முனிவர் சிங்கத்தைக் காட்டிலிருந்து கொண்டுபோகவில்லை. அது இருந்த இடத்துக்குத் தாம் வந்தார்கள், பேசினார்கள், போய்விட்டார்கள். சிங்கம் தானே ஊனைத் துறந்தது.

அந்தச் சாரணரின் பெயரைத் தாங்கிய மலை குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. மார்த்தாண்டத்துக்கு வடக்கே, ரப்பரும் தென்னையும் சூழ்ந்த சிதறால் ஊரின் குன்று. கல்வெட்டில் அதன் பெயர் திருச்சாரணத்துமலை. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி இங்கே பொன்னணி வழங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் வரிசை; பார்சுவநாதரும் பதுமாவதியும்; சிங்கத்தோடு அம்பிகை இயக்கி. 13ஆம் நூற்றாண்டளவில் கோயில் பகவதிக்குரியதாயிற்று. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நாகர்கோவில் நாகராஜர் கோயில் தூண்களிலும் மகாவீரரையும் பார்சுவநாதரையும் காணலாம் என்றாலும், மலையும் காற்றும் அமைதியும் ஒருங்கே அமைந்த இடம் இதுவே.

சாரண ரித்தி என்பது வெறும் வானூர்தல் அன்று. நீரின்மேல் நடந்தாலும் நீருடம்பு உயிர்க்கு ஊறு செய்யாதவர், இலைமேல் நடந்தாலும் இலை நோகாதவர், பூவின்மேலும் சிலந்தி நூலின்மேலும் அவ்வாறே நடப்பவர் என்று அந்தப் பேற்றைப் பலவகையாகப் பகுத்துக் கூறுவர். இதை அப்படியே நம்புவதா, துறவின் உச்சத்தைச் சுட்டும் சித்திரமாகக் கொள்வதா என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன். இலை நோகாமல் நடப்பவர் பெயரால் ஒரு மலைக்குப் பெயரிட்ட முன்னோர், அம்மலையில் நாம் எப்படி நடக்கவேண்டும் என்று எண்ணியிருப்பர் என்பதில் ஐயம் இல்லை.

இங்கே தேசாவகாசிக விரதம் உதவிக்கு வருகிறது. திக்விரதம் ஆயுளுக்கு, தேசாவகாசிகமோ ஒரு நாளுக்கு, ஒரு பொழுதுக்கு, ஒரு தெருவுக்கு, ஒரு தோட்டத்துக்கு எல்லை வகுத்துக்கொள்வது. அதன் குற்றங்கள் ஐந்து: எல்லைக்கு அப்பால் ஆளை ஏவுதல், ஓசை எழுப்புதல், அப்பாலுள்ள பொருளை வருவித்தல், தன் உருவைக் காட்டிக் குறிப்பறிவித்தல், கல் முதலியவற்றை எறிதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆசாரநூல் ஒரு காப்புப் பூங்காவின் வாயிற்பலகையை எழுதிவைத்ததுபோல் இது இருக்கிறது! ஒலிபெருக்கியும் உரத்த பாட்டும் ஓசை எழுப்புதலே. பிளாஸ்டிக் புட்டியை வீசுவதும், குரங்குக்கு வாழைப்பழம் எறிவதும் பொருள் எறிதலே. ‘அந்தப் பூவைப் பறித்து வா’ என்று சிறுவனை அனுப்புவது ஆளேவுதலும் பொருள் வருவித்தலும் ஆகும். காலால் எல்லை கடவாதவன் குரலால் கடக்கிறான், கையால் கடக்கிறான், பிறர் காலால் கடக்கிறான் என்பதை இந்த ஐந்தும் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கின்றன!

குரங்குக்கு உணவிடுவது ஜீவகாருண்யம் அல்லவா என்று நம்மவருள் சிலர் வருந்திக் கேட்பதை அறிவேன். புண்ணியத் தலங்களில் உணவு பெற்றுப் பழகிய குரங்கு காட்டில் தேடுவதை விடுகிறது, பைகளைப் பறிக்கிறது, கல்லடி படுகிறது. கொடுத்தவர் அதைப் பார்க்கும் வரை நிற்பதில்லை; அவருடைய வண்டி புறப்பட்டுவிடும்.

இரண்டாவது தடை இதனினும் கடினம். விரதம் தானே விரும்பி ஏற்பது. பூங்காவின் வேலியோ எல்லார்மேலும் விழுகிறது. புதர்க்காட்டில் சுள்ளி பொறுக்கி அடுப்பெரித்த ஏழைப் பெண்ணுக்கும், ஆடு மேய்த்தவனுக்கும் யாரும் திக்விரதம் கொடுத்ததில்லை. அவர்கள் கேட்டதும் இல்லை. வேலிக்குள் நுழைவதற்கு அவர்களுக்குத் தடை, சீட்டு வாங்கிய நமக்குத் தடையில்லை என்றால், அந்த வேலியை அகிம்சை என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. அவர்களுடைய விறகுத் தேவையையும் மேய்ச்சலையும் வேறு வழியால் நிறைவேற்றாமல் போடும் வேலி ஒருவர் பசியின்மேல் கட்டிய தர்மசாலை போன்றது. எடுப்பதைக் குறைக்க வேண்டியவர் அதிகம் எடுப்பவரே. போகோபபோக பரிமாணம் என்று நுகர்ச்சிக்கு அளவு வகுத்த விரதம் செல்வருக்கே முதலில் பொருந்தும். வீட்டுக்கு மேல் வீடு கட்டும் நாம் எந்தக் குன்றின் ஜல்லியை வாங்குகிறோம் என்று கேட்பதில்லை. சுள்ளி பொறுக்கியவளை மட்டும் காவலர் கேட்கிறார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் இளைஞர்கள், குறிப்பாக வேளாண்மையும் உயிரியலும் படித்தவர்கள், கேட்பது. புதர்க்காட்டைக் காப்பவர் சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் வேரோடு பிடுங்குகிறார்கள். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, விறகுக்காக விதைக்கப்பட்டு, இன்று தமிழகமெங்கும் அடர்ந்துவிட்டது. அது நெருங்கிய இடத்தில் உடையும் இலந்தையும் புல்லும் தலைதூக்க முடிவதில்லை. அயற்செடிகளை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்று 2022இல் தமிழக அரசு தனிக்கொள்கையே வகுத்தது. ஓரறிவுயிரைக் காக்க ஓரறிவுயிரைப் பிடுங்குவதை நாம் எப்படி ஏற்பது? ஆன்மாவுக்குச் சுதேசி என்றும் விதேசி என்றும் உண்டா?

ஆன்மாவுக்கு இல்லை. சீமைக்கருவேலத்தின் உயிரும் உடைமரத்தின் உயிரும் ஒன்றே. ‘ஒன்றைக் கொன்றால் பல பிழைக்கும்’ என்ற கணக்கையும் நம் ஆசாரியர்கள் ஏற்கவில்லை. அமிர்தசந்திரர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இந்த வாதத்தை நேரடியாக எடுத்து மறுத்திருக்கிறார். பல உயிரைத் தின்னும் விலங்கை இரக்கத்தின் பெயரால் கொல்வதும் கூடாது என்கிறார். அவர் அங்கே கருதியது இயங்குயிர்களை என்றும், தாவர உயிர்களின் கொலையை இல்லறத்தான் முற்றும் விலக்க இயலாதாகையால் அளவோடு நிறுத்தும்படி மட்டுமே நூல் பணிக்கிறது என்றும் கூறி நாம் தப்பிக்கலாம். தப்பித்தல் சட்டப்படி சரி, மனத்துக்குப் போதாது. என் துணிபு இது: பிடுங்குவது இம்சையே. புண்ணியம் என்று அதற்குப் பெயர் மாற்றலாகாது. கிணறு வெட்டுவதும் கோயிலுக்குக் கல் அறுப்பதும் எவ்வாறு ஆரம்ப இம்சையோ அவ்வாறே இதுவும். விதைத்த கை நம்முடையது ஆதலால் அகற்றும் சுமையும் நம்முடையதாகிறது. அதனால்தான் அதற்கும் அளவு வேண்டும். பொக்லைன் எந்திரத்தைக் கொண்டு ஒரே நாளில் மண்ணைப் புரட்டினால் கரையானும் மண்புழுவும் பொந்திலிருக்கும் பாம்பும் உடும்பின் முட்டையும் சேர்ந்து அழியும். அது தேவையற்ற தீங்கு, அநர்த்த தண்டம். நாற்றாக இருக்கும்போதே கையால் எடுப்பதும், பறவை கூடுகட்டும் காலத்தைத் தவிர்ப்பதும், சிறுசிறு பகுதியாகச் செய்வதும் மெதுவான வேலை, கூலியும் மிகுதி. மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது அந்தச் செடிகளையும் எண்ணிக்கொள்வதில் எனக்கு முரண்பாடு தோன்றவில்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், காஞ்சிபுரம் பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் சிதறாலுக்கு யாத்திரை செல்வது முன்னைவிட இப்போது பெருகியிருக்கிறது. மகிழ்ச்சியே. பேருந்து மலையடியில் நின்றதும், முதியவர் ஒருவர் எல்லாரையும் நிறுத்தி அந்தப் பொழுதுக்கு மட்டும் தேசாவகாசிகம் சொல்லி வைத்தால் என்ன? சொற்கள் எளியனவாக இருக்கலாம். கற்பாதையைவிட்டுப் புதருக்குள் இறங்கோம். பாறைச்சுனையில் எதையும் போடோம், கை அலம்போம். இலையும் பூவும் பறியோம், பறிக்க யாரையும் ஏவோம். பெயர் சொல்லிக் கூவி அழையோம். விலங்குக்கும் பறவைக்கும் எதையும் எறியோம். கட்டுச்சோற்றை மலைமேல் கொண்டுபோகாமல் வண்டியிலேயே வைப்போம். திருவுருவங்களை வணங்கி, சாமாயிகம் முடித்து, வெயில் தாழும் முன் இறங்கிவிடுவோம்.

குழந்தைகள் கேட்பார்கள்: ஓணானைத் துரத்தினால் என்ன, அது நம்மைவிட வேகமாக ஓடுமே என்று. அவர்களையும் சேர்த்தே எல்லை. வண்டியில் ஏறியதும் அந்த விரதம் முடிகிறது; நாகர்கோவிலில் இறங்கும்போது மறுபடி சொல்லிக்கொள்ளலாம்.